நட்ட காட்டைக் காப்பது யார் கடமை? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளத்து நீர் ஏறி இறங்கும் அலைகரையில் மருது நடுகிறோம், களப்பு ஓரத்து உவர்ச் சேற்றில் கண்டல் நடுகிறோம். நடுகிற அன்று படம் எடுக்க ஆள் வருகிறது. ஐந்தாம் வருடம் அதே இடத்தில் மண் வெட்டும் பெக்கோ வந்து நிற்கும்போது யாரிடம் ஓடுவதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை. ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருந்த காலத்தில் கூட்டங்களிலும் தெருவிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்லன். வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

மீட்டெடுத்த வாழிடம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

முன்பு உயிர்ப்போடு இருந்து, பிறகு அழிந்தோ நலிந்தோ போய், மனிதர் கைகொடுத்ததால் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிய இடத்தை. அது குளமாகவோ காடாகவோ கண்டல் கரையாகவோ இருக்கலாம். தேக்குத் தோட்டம் இதில் சேராது. வெட்டி விற்பதற்காக ஒரே மரத்தை வரிசையில் வளர்ப்பது பயிர்ச்செய்கை. பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நின்று, அடியில் பற்றை மூடி, அந்தப் பற்றைக்குள் முயலும் காட்டுக்கோழியும் வந்துவிட்டால் காடு திரும்புகிறது என்று சொல்லலாம்.

நட்டு முளைத்துவிட்டதே, பிறகும் ஏன் கெடுகிறது?

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். அந்த நடுகைகளில் 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவு வெளியானது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்டது ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல், நன்றாகப் பிழைத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல் நட்டார்கள், எந்த இடத்துக்கு எந்தக் கண்டல் என்று பார்க்காமல் ஒரே இனத்தை நட்டார்கள். நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, மாடு மிதித்தது.

இந்தப் பாடத்தை நாடு ஓரளவு கற்றுக்கொண்டதும் உண்மை. இலங்கையின் கண்டல் மீட்பை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீட்பு முயற்சிகளில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் எங்கள் பக்கத்துத் திட்ட அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு முதல் பக்கத்திலேயே இருக்கும். ஐந்து வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்பதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

மீட்ட இடத்தைக் கெடவிடாதே என்று இலங்கைச் சட்டம் சொல்கிறதா?

அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் 27(14) உறுப்புரை, சூழலைப் பாதுகாத்துப் பேணி மேம்படுத்துவது அரசின் வேலை என்கிறது. 28ஆம் உறுப்புரை இயற்கையைக் காப்பதை ஒவ்வொருவரின் கடமையாகவும் வைக்கிறது. சரி, அதைக் காட்டி நேரே நீதிமன்றம் போகலாமா என்றால், 29ஆம் உறுப்புரை அந்தக் கதவைச் சாத்திவிடுகிறது. இவை வழிகாட்டும் கொள்கைகள் மட்டுமே.

மற்றச் சட்டங்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வடிவம். 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுச் சட்டம், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம், 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் ஒரு நிலத்தை வர்த்தமானியில் பிரகடனம் செய்து, அதற்குள் வெட்டாதே, எரிக்காதே, கட்டாதே என்று தடுக்கின்றன. தடுப்பது நல்லதுதான். ஆனால் யாரும் வெட்டாமலே ஒரு குளம் சல்வீனியா என்ற நீர்க்களை மூடிச் சாகலாம். நீர்வரத்து வாய்க்கால் தூர்ந்து ஒரு காடு காயலாம். அப்போது குற்றவாளி என்று காட்ட ஒருவரும் இல்லை. எங்கள் சட்டம் நிலத்தின் பெயரைக் காக்கிறது, நிலத்தின் உடம்பைப் பார்ப்பதில்லை. கீழே வரும் மற்றப் பதில்களெல்லாம் இந்தக் குறையிலிருந்தே தொடங்குகின்றன.

வேறு நாடுகளில் அப்படி ஒரு கடமை இருக்கிறதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. இயற்கை மீட்புச் சட்டம் என்ற ஒழுங்குவிதி 2024 ஆகஸ்ட் 18 முதல் நடைமுறையில் உள்ளது. 2030க்குள் ஒன்றியத்தின் நிலத்திலும் கடலிலும் குறைந்தது 20 சதவீதத்தில் மீட்பு வேலை நடந்திருக்க வேண்டும், 2050க்குள் மீட்பு தேவைப்படும் எல்லாச் சூழல் தொகுதிகளிலும் நடந்திருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. உறுப்பு நாடுகள் தேசிய மீட்புத் திட்ட வரைவைக் கொடுக்க 2026 செப்டெம்பர் 1 வரை தவணை.

நமக்கு வேண்டியது அதன் 4ஆம் உறுப்புரையில் இருக்கிறது. மீட்பு வேலை நடக்கும் இடம் நல்ல நிலையை எட்டும்வரை தொடர்ந்து முன்னேற வேண்டும், எட்டிய பிறகு குறிப்பிடத்தக்க அளவு கெடக்கூடாது, அதற்கான நடவடிக்கைகளை நாடுகள் எடுக்க வேண்டும். ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள இடங்களையும், மீட்பு இலக்கை எட்டத் தேவையான இடங்களையும் கெடவிடாமல் காக்கவும் முயல வேண்டும். இந்த இரண்டாவது கடமையின் வார்த்தை கொஞ்சம் இளகியது. முடிவைக் காட்டு என்று கேட்காமல் முயற்சியைக் காட்டு என்று கேட்கிறது.

விதிவிலக்குகளும் எழுதப்பட்டிருக்கின்றன. இயற்கைப் பேரிடர் போன்ற தடுக்க முடியாத நிகழ்வு, காலநிலை மாற்றத்தால் நேரடியாக வந்த தவிர்க்க முடியாத மாற்றம், குறைந்த சேதத்தோடு செய்ய வேறு வழியே இல்லாத மேலான பொதுநலத் திட்டம், ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் செயல் அல்லது செயலின்மை. இந்தக் காரணங்களால் கெட்டால் நாட்டின் மேல் பழி வராது.

அது ஐரோப்பாவின் சட்டம். முல்லைத்தீவில் இருக்கிற எங்களுக்கு என்ன?

கட்டுப்படுத்தாது. ஒரு எழுத்துகூட. ஆனாலும் அங்கே கேட்கிற கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த இடம் நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்று நிலைமையை அளந்து கேட்கிறார்கள். எங்களிடம் அந்த அளவே எடுக்கப்படுவதில்லை.

கடைசி விதிவிலக்கைப் படித்தபோது எனக்கு மன்னார்க் கடல்தான் கண்ணில் நின்றது. கடல் தரையை வாரி வலை இழுக்கும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் அக்கரையான இந்தியாவிலிருந்து வரும் மடிகள் கடற்புல் தரையை உழுதுவிட்டுப் போகின்றன. ஐரோப்பியச் சட்டத்தின்படி பார்த்தால் அது வேறு நாட்டின் செயலால் வந்த கெடுதல், இங்குள்ள அரசு பொறுப்பில்லை. சட்டக் கணக்கு அப்படிச் சரியாகலாம். மீன் இல்லாமல் கரைக்கு வருகிறவரின் வீட்டுக் கணக்கு சரியாகாது. இது இரண்டு அரசுகளும் இரண்டு கரை மீனவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. அதுவரை தன் பங்குக் காவலைச் செய்கிற கடமையிலிருந்து இங்குள்ள அதிகாரிகள் விலகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சர்வதேச ஒப்பந்தம் எதுவும் இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லையா?

ராம்சர் ஈரநில ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. இலங்கை 1990இல் சேர்ந்தது. மன்னார் வங்காலைச் சரணாலயம், 4,839 ஹெக்டேயர், 2010இல் அந்த ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் உள்ள ஈரநிலத்தின் சூழலியல் தன்மை மாறினாலோ, மாறிக்கொண்டிருந்தாலோ, மாறக்கூடும் என்றாலோ அரசு உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 3ஆம் உறுப்புரை. எங்கள் கைக்கு எட்டுகிற சட்டங்களில் நிலத்தின் உடம்பைப் பார்ப்பது இதுதான். வங்காலையில் மண் கொட்டுவதையோ குப்பை குவிவதையோ கண்டு முறைப்பாடு எழுதுகிறவர்கள் இந்த வாசகத்தை அப்படியே கடிதத்தில் போடுங்கள்.

எங்கள் குளத்து அலைகரையில் நட்ட மரங்களுக்கு யார் பொறுப்பு?

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தைத் திருத்திய கையோடு அலைகரையில் மருதும் நாவலும் இலுப்பையும் நட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள். இரண்டு காலபோகம் தாண்டி, கன்றுகள் என் தோள் உயரம் வந்திருந்தன. ஒரு காலை பார்த்தால் அதன் நடுவே உழவு இயந்திரப் பாதை. குளக்கட்டுக்குக் கிரவல் ஏற்ற வந்த ஒப்பந்தக்காரர் நேர்வழி போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, வரைபடத்தில் மரம் இருப்பதாகக் காட்டவில்லையே என்றார். அவர் சொன்னது உண்மை. எங்கள் மரங்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்ற அந்தக் காலை எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிறு குளங்கள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. குளத்தையும் அதன் ஒதுக்கு நிலத்தையும் அடைப்பதும் அதில் பயிர் செய்வதும் அச்சட்டப்படி குற்றம். முறைப்பாட்டை உங்கள் கமநல சேவை நிலையத்தில் கொடுக்க வேண்டும். இரணைமடு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம்.

ஆனால் ஒதுக்கு நிலம் அடைபடாமல் இருப்பது வேறு, அதில் நட்ட மரம் உயிரோடு இருப்பது வேறு. இரண்டாவதற்கு நாங்கள் கண்ட வழி, போகத் தொடக்கத்தில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம். அதில் எடுக்கும் முடிவுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. தண்ணீர் எப்போது திறப்பது, வேலி எப்போது அடைப்பது, கட்டாக்காலி மாட்டை எப்போது அகற்றுவது என்று முடிவெடுக்கிறோம் அல்லவா, அதோடு அலைகரை மரப்பகுதியின் எல்லையையும் மாடு போகும் வழியையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். உத்தியோகத்தரின் கையொப்பம் வாங்குங்கள். மாடு வளர்க்கிறவர்களைக் கூப்பிடாமல் இந்த முடிவை எடுக்க வேண்டாம். மேய்ச்சல் தரைக்கு வழி வைக்காமல் போட்ட வேலி ஒரு போகம்கூட நிற்காது.

கண்டல் கரையைக் காப்பகமாக அறிவித்துவிட்டால் நிம்மதிதானே?

விடத்தல்தீவைப் பாருங்கள். 29,180 ஹெக்டேயர் கடலும் கண்டலும் சதுப்பும் 2016இல் இயற்கை ஒதுக்காக அறிவிக்கப்பட்டது. 2024இல் நீருயிர் வளர்ப்புக்காக அதிலிருந்து சுமார் 168 ஹெக்டேயரை விலக்கி ஒரு வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. உச்ச நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தியது.

இங்கே கவனிக்க வேண்டியது சட்டத்தில் உள்ள ஒரு படி. ஒதுக்கின் எல்லையைச் சுருக்க வேண்டுமானால், அதனால் சூழலுக்கு என்ன விளையும் என்று முதலில் ஆராய்ந்திருக்க வேண்டும். எல்லை மாற்றம் என்று காதில் விழுந்ததும் அந்த ஆய்வு எங்கே என்று கேளுங்கள். வேறு எதையும் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

வர்த்தமானியில் வராத காடு என்றால்?

அதன் நிலை இன்னும் மெலிது. ஏனைய அரச காடுகள் என்று அழைக்கப்படும் இவை 2001இல் வெளியான 5ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் வன இலாகாவின் கைக்கு வந்தன. 2020இல் வந்த இன்னொரு சுற்றறிக்கை அவற்றை மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்றியது. ஒரு காட்டின் விதி ஒரு கடிதத்தில் மாறுகிறது. மீட்பு வேலைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது நிலம் எந்த வகை என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தால் எங்கள் காணி காடாகிக் கிடக்கிறது, வன இலாகா எல்லைக் கல் போட்டுவிட்டது. அதுவும் மீட்டெடுத்த காடா?

வன்னியில் இந்தக் கேள்வி கேட்கப்படாத கூட்டம் கிடையாது. கேட்கிறவர்களின் குரல் நடுங்குவதையும் கண்டிருக்கிறேன்.

என் பதில், இல்லை. உரியவர் துரத்தப்பட்டதால் வளர்ந்த பற்றையை யாரும் மீட்டெடுக்கவில்லை. அது விடப்பட்ட காணி. அதை உரியவருக்குத் திருப்பிக் கொடுப்பதை இயற்கையைக் கெடுப்பதாகக் காட்டுவது அநியாயம். கெடவிடாமல் காக்கும் கடமையை அகதியாய்ப் போய் வந்தவரின் மேல் தடியாக ஓங்கினால், இந்த மண்ணில் ஒருவரும் இன்னொரு மரம் நடமாட்டார்கள்.

அதே நேரம், பழைய காணி என்ற பெயரில் ஒருபோதும் வயலாக இல்லாத அடர்காட்டைத் துப்புரவாக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துக் காட்ட ஆதாரம் வேண்டும். காணி அனுமதிப்பத்திரம் அல்லது உறுதி, பழைய வாக்காளர் இடாப்பு, நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடம். அப்புறம் நிலத்திலேயே நிற்கிற சாட்சிகள்: கட்டுக் கிணறு, புளி, மா, வீட்டு அத்திவாரம், வரம்புத் தடம், ஊர்க் கோயில். இவற்றைத் திகதியோடு படம் எடுத்துப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

காட்டை அழித்தவரே திரும்ப நட்டுக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது உண்டா?

உண்டு, எங்கள் மன்னார் மாவட்டத்திலேயே. வில்பத்துவுக்கு வடக்கே கல்லாறு காட்டில் நிலம் துப்புரவாக்கப்பட்டது பற்றிய வழக்கில் 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. காட்டை மீள நட வேண்டும், அதன் செலவை அதற்குக் காரணமான அன்றைய அமைச்சர் ஏற்க வேண்டும் என்றது. சேதம் செய்தவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாடு அது.

அந்த நிலத்தில் குடியேற்றப்பட்டவர்கள் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் என்பதை மறைத்து இந்தத் தீர்ப்பைப் பேசக்கூடாது. அவர்களுக்குத் திரும்பி வரும் உரிமை முழுமையாக உண்டு. இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு ஒழுங்கான நிலம் கொடுக்காமல், சட்டப்படி நடக்காத நிலத்தைக் கொடுத்தது ஆட்சியாளர்களின் தவறு.

மணல், கிரவல் அகழ்வு?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி உத்தரவுப்பத்திரம் இல்லாமல் அகழ முடியாது. கனகராயன் ஆறோ பாலியாறோ, டிப்பர் நிற்கும் இடத்தில் பத்திரத்தைக் கேளுங்கள். அதில் எழுதியிருக்கும் இடமும் அளவும் நிபந்தனைகளும் மீறப்படுகின்றனவா என்பதுதான் உங்கள் முறைப்பாடு.

பெரிய திட்டம் வருகிறது என்கிறார்கள். தடுக்க இடமுண்டா?

1993 ஜூனில் வெளியான வர்த்தமானி சில திட்டங்களைப் பட்டியலிடுகிறது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதும், 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புவதும் அதில் உண்டு. இவற்றுக்குத் தேசிய சுற்றாடல் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், கருத்துச் சொல்ல 30 நாள். இந்த அறிவித்தலைப் பத்திரிகையில் தேடிப் பார்க்க ஊருக்கு ஒரு இளைஞரை நியமியுங்கள். நாள் போனால் போனதுதான்.

யானை வந்துவிடும், காடே வேண்டாம் என்கிறார் எங்கள் பெரியப்பா. என்ன சொல்வது?

அவர் பயம் நியாயமானது, தட்டிக் கழிக்க வேண்டாம். வயலையும் குடியிருப்பையும் ஒட்டி அடர்காடு எழுப்ப வேண்டியதில்லை. நீரேந்துப் பகுதியில் எழுப்பலாம். ஊர்ப் பக்கம் பழமரமும் நிழல்மரமும் போதும்.

பனை வடலி வளர்த்திருக்கிறோம், அதற்குச் சட்டம் உண்டா?

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பெண்பனையைக் காக்கிறது. பலாவும் ஈரப்பலாவும் அதில் உண்டு. அனுமதியில்லாமல் வெட்ட முடியாது, உங்கள் சொந்த வளவிலும்கூட.

கெடுவதைக் கண்டால் முதலில் என்ன செய்வது?

சண்டை போட வேண்டாம். திகதியோடு படம், இடக்குறிப்பு, வாகன இலக்கம். கிராம அலுவலருக்கும் உரிய திணைக்களத்துக்கும் எழுத்தில் முறைப்பாடு, பிரதி உங்களிடம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் போடுங்கள். என் முறைப்பாட்டின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, அங்கே வேலை செய்ய யாருக்கு எந்த அனுமதி கொடுத்தீர்கள் என்று இரண்டே கேள்வி. ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், பத்து மனுவுக்கு அசையாத கோப்பு இந்த ஒரு தாளுக்கு அசைகிறது.

அதற்கும் மேலே போக வேண்டுமானால், பொதுத் தொல்லையை நிறுத்த நீதவான் நீதிமன்றத்தில் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு இருக்கிறது. அதிகாரி தன் கடமையைச் செய்யாவிட்டால், அதைச் செய்யச் சொல்லும் எழுத்தாணையை (ரிட்) நீதிமன்றத்தில் கேட்கலாம். அரசின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

இயற்கைக்காக நீதிமன்றம் எங்கள் சொல்லைக் கேட்குமா?

கேட்டிருக்கிறது. எப்பாவலைப் பொசுபேற்று அகழ்வுத் திட்டத்தை எதிர்த்துப் போனவர்கள் அந்த ஊர் விவசாயிகள். 2000இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. இயற்கை வளத்துக்கு அரசு உடைமையாளர் அல்ல, காப்பாளர் என்ற கருத்தை ஏற்றது. அதற்கு மூன்று வருடம் முன்பு சர்வதேச நீதிமன்றத்தில் நீதியரசர் வீரமந்திரி எழுதிய தனித் தீர்ப்பில் இலங்கையின் பழைய குளங்கள் வருகின்றன. காட்டு விலங்குகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே காட்டுக்குள் குளம் கட்டினார்கள் என்று ஹேக் நகரத்தில் இருந்து எழுதினார். எங்கள் வன்னிக் காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் சிறுகுளங்களை நினைத்துக்கொண்டு அதைப் படித்தேன்.

அடுத்த மாரிக்கு நடப் போகிறோம். இப்போதே என்ன செய்யலாம்?

நிலம் யாருடையது, எந்த வகை என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். நடும் முன் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து, அங்கே இப்போது நிற்கும் மரம், வரும் பறவை, தண்ணீர் நிற்கும் மாதம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், அதே மூலையிலிருந்து மறுபடி எடுங்கள். கெட்டுவிட்டது என்று நாளைக்கு நிரூபிக்க இந்தக் கொப்பிதான் சாட்சி. பணம் தருகிற நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது பராமரிப்புக்கு ஐந்து வருடம் கேளுங்கள். ஒரு வருடம்தான் தருவோம் என்றால் கன்றின் எண்ணிக்கையைக் குறைத்து வருடத்தைக் கூட்டச் சொல்லுங்கள். பிறகு நட்ட இடத்தை ஒரு வரைபடமாகக் கீறி, அதன் ஒரு பிரதியைக் கமநல நிலையத்துக்கும் ஒன்றை நீர்ப்பாசனப் பொறியியலாளர் அலுவலகத்துக்கும் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த ஒப்பந்தக்காரர் வரைபடத்தை விரிக்கும்போது அதில் மரங்கள் இருக்கும்.